12ஆவது மாடியில் எர்த் தேடாதீர்கள்: கோஆக்ஸின் வெளிப்புறக் கரண்டை மறிப்பது எப்படி

கேள்வி சுருக்கமாக இதுதான். பினாங்கு பாயான் பாருவில், 12ஆவது மாடி பிளாட்டில் இருக்கும் ஒரு தம்பி அமெச்சூர் ரேடியோவில் புதிதாக எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகள்) தொடங்கியிருக்கிறார். பால்கனி கிரில்லில் ஃபைபர்கிளாஸ் கம்பம் கட்டி, 20 மீட்டர் பேண்டுக்கு (14 மெகாஹெர்ட்ஸ்) ஏறக்குறைய 10 மீட்டர் கம்பியை வெளியே விட்டிருக்கிறார். எண்ட் ஃபெட் ஆன்டெனா (கம்பியின் ஒரு முனையில் பவர் கொடுப்பது), 49:1 டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள் படுக்கையறை வரை. எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.3 காட்டுகிறது. ஆனால் 100 வாட்டில் எஃப்டி8 (கணினி வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறை) அனுப்பினால் மடிக்கணினியின் யூ.எஸ்.பி. அறுந்துபோகிறது, மைக் உதட்டில் பட்டால் சுருக்கென்கிறது, ராத்திரியில் இரைச்சல் ரேடியோவின் சிக்னல் மீட்டரில் எஸ்7-க்குக் கீழே இறங்குவதே இல்லை. குளியலறைக் குழாய்க்கு எர்த் ஒயர் இழுத்துப் பார்த்தும் பயனில்லை. "ஒரு பாலன் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா அண்ணே?" என்று முடித்திருக்கிறார்.

ஆகும் தம்பி, ஆனால் எந்தப் பாலன் (கேபிளும் ஆன்டெனாவும் சேரும் இடத்தில் இரு பக்கத்தையும் சமப்படுத்தும் சாதனம்), எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. அதற்கு முன்னால் அந்த எர்த் ஒயரைக் கழற்றுங்கள். 12ஆவது மாடியிலிருந்து தரை ஏறக்குறைய 35 மீட்டர் கீழே. 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமே 21 மீட்டர்தான். அவ்வளவு நீளமான கம்பி ரேடியோ அலைக்கு எர்த் ஆகாது. அது இன்னொரு ஆன்டெனா. நீங்கள் குழாயில் கட்டியதும் அப்படித்தான், அதுவும் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடும் ஆன்டெனா. இப்போதைய பிளாட்டுகளில் பல குழாய்கள் பி.வி.சி. என்பதால் அது தரைக்குப் போகிறதா என்பதும் சந்தேகம். அதே சமயம் பவர் சப்ளையின் மூன்று முனை பிளக்கில் இருக்கும் எர்த்தை ஒருபோதும் வெட்டிவிடாதீர்கள். அது மின்சாரம் தாக்காமல் இருக்க, ரேடியோவுக்காக வைத்ததில்லை. "எர்த் லூப்பை உடைக்கிறேன்" என்று அந்த முனையைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்ற தைரியத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை அது.

சரி, கரண்ட் எங்கே ஓடுகிறது என்று பார்ப்போம். கோஆக்ஸில் இரண்டு கடத்திகள் இருப்பதாகத்தான் படிக்கிறோம்: நடுக்கம்பி, அதைச் சுற்றிய பின்னல். ரேடியோ அலைவரிசையில் கரண்ட் உலோகத்தின் மேல்தோலில் மட்டுமே ஓடும். செம்பில் 14 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் ஏறக்குறைய 18 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் பின்னலின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனிக் கடத்திகளாக நடந்துகொள்கின்றன. உங்கள் ரேடியோவின் பவர் நடுக்கம்பிக்கும் பின்னலின் உட்புறத்துக்கும் இடையில் ஒழுங்காகப் போகிறது. அங்கே இரண்டு கரண்டும் சமம், திசை எதிரெதிர், வெளியே எதுவும் கதிர்வீசாது. சிக்கல் கேபிள் முடியும் இடத்தில்தான். உட்புறத்தில் வந்த கரண்ட் அங்கே இரண்டு வழியைப் பார்க்கிறது: ஒன்று ஆன்டெனாவின் ஒரு கை, மற்றொன்று அதே பின்னலின் வெளிப்புறம். எந்த வழி சுலபமோ அதில் கூடுதலாகப் போகும். வெளிப்புறத்தில் திரும்பி வரும் அந்தக் கரண்ட்தான் காமன் மோட் கரண்ட். ரேடியோவின் பெட்டி, யூ.எஸ்.பி. கேபிள், பவர் ஒயர், உங்கள் கை, மைக் என்று எல்லாம் அந்தப் பாதையின் தொடர்ச்சி.

அந்த வெளிப்புற வழி சுலபமா கஷ்டமா என்பதைக் கேபிளின் நீளம் முடிவு செய்கிறது. நடுவில் கேபிள் இணைந்து, இரண்டு கைகளும் சமமான டைபோல் ஆன்டெனாவை எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளும் அதன் பின்னால் இருக்கும் ரேடியோ, ஒயர்கள் எல்லாமும் சேர்ந்து தரைக்குப் போகும் பாதை கால் அலை நீளமாக இருந்தால் (20 மீட்டர் பேண்டில் 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்), ஆன்டெனா முனையில் இருந்து பார்க்கும்போது அது உயர்ந்த மின்தடையாகத் தெரியும். கரண்ட் அதிகம் போகாது. அரை அலையாக இருந்தால் நேர்மாறு, தாராளமாகப் போகும். அதனால்தான் ஒருவருக்கு எந்தப் பாலனும் இல்லாமல் அமைதியாக வேலை செய்யும் ஆன்டெனா, பக்கத்துத் தாமானில் இன்னொருவருக்குக் கேபிள் நீளம் மாறியதும் பேயாட்டம் ஆடுகிறது. கேபிளை வெட்டி வெட்டி எஸ்.டபிள்யூ.ஆர். சரிசெய்பவர்கள் உண்மையில் செய்வது இந்த வெளிப்புற வழியை மாற்றுவதுதான். கேபிளின் நீளத்தால் எஸ்.டபிள்யூ.ஆர். பெரிதாக மாறினாலோ, கையால் கேபிளைப் பிடித்தால் முள் ஆடினாலோ, வெளிப்புறத்தில் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சின்னத் தகவல்: நடுவில் சிக்னல் போகும் வேகத்துக்கு ஆர்ஜி-58-இல் 0.66 என்று கணக்கு வைப்போம். வெளிப்புறத்துக்கு அந்த எண் பொருந்தாது. அங்கே மேலுறை மட்டும்தான் இடையில் இருப்பதால் வேகம் வெட்டவெளிக் கம்பியின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

உங்களுடையது எண்ட் ஃபெட். அதில் இந்த விஷயம் கூர்மையாகிறது. அரை அலைக் கம்பியின் முனையில் மின்தடை ஏறக்குறைய 2,450 ஓம் என்று வைத்துத்தான் 49:1 சுற்றுகிறார்கள். 100 வாட்டுக்கு அந்த இடத்தில் வோல்டேஜ் ஏறக்குறைய 500, கரண்ட் 0.2 ஆம்பியர். கம்பிக்குள் 0.2 ஆம்பியர் போனால், டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கத்தில் அதே 0.2 ஆம்பியர் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். தனியாகக் கவுண்டர்பாய்ஸ் கம்பி (திரும்பும் கரண்டுக்கு வழி தரும் இரண்டாவது கம்பி) போடாத எண்ட் ஃபெட் எல்லாவற்றிலும் அந்தக் கடமை கோஆக்ஸின் வெளிப்புறத்துக்குத்தான் வந்து சேருகிறது. 'ஒற்றைக் கம்பி ஆன்டெனா' என்று விற்கிறார்கள். இன்னொரு கம்பி உங்கள் படுக்கையறை வழியாகப் போகிறது என்று பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. உங்களிடம் காட்டும் அந்த 1.3 எஸ்.டபிள்யூ.ஆர்.கூட கேபிளின் உதவியோடு வந்த 1.3 தான். இதை மறித்ததும் எண் 1.8, 2 என்று ஏறினால் பதறாதீர்கள், கம்பியின் நீளத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

இப்போது எதை மாட்டுவது? 'பாலன்' என்ற பெயரில் கடையில் இரண்டு ஜாதி கிடைக்கிறது. ஒன்று, 1944-இல் பொறியாளர் குவானெல்லா எழுதிக்காட்டிய கரண்ட் பாலன். இரண்டு கம்பியிலும் கரண்டைச் சமமாக வைக்கும். மற்றொன்று, வோல்டேஜைச் சமமாக வைக்கும் வகை. 4:1 என்று மலிவாக வரும் பலவும் இதுதான். ஆன்டெனாவின் இரண்டு பக்கமும் அச்சு அசலாகச் சமமாக இருந்தால் மட்டுமே இரண்டாவது வகை காமன் மோடைத் தடுக்கும். பிளாட் பால்கனியில் எந்த ஆன்டெனாவும் அப்படி இருக்காது. ஒரு பக்கம் கிரில், ஒரு பக்கம் காற்று. உங்களுக்குத் தேவை 1:1 கரண்ட் பாலன், அதாவது சோக். அது தனிச் சாதனம்கூட இல்லை. அதே கோஆக்ஸை ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) வளையத்தில் சில சுற்று சுற்றினால் சோக். உள்ளே போகும் சிக்னலுக்கு வளையம் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் இரண்டு கரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. வெளிப்புறக் கரண்டுக்கு மட்டும் வளையம் பெரிய தடை.

எவ்வளவு தடை? 500 ஓம் போதும் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். எனக்கு அது போதாது. சில ஆயிரம் ஓம், முடிந்தால் 5,000 வரை பாருங்கள். அதுவும் அந்தத் தடை உண்மையான ரெசிஸ்டன்ஸாக இருக்க வேண்டும், வெறும் இண்டக்டன்ஸாக இருக்கக்கூடாது. காரணம் இது: கேபிளின் வெளிப்புறம் சில நீளங்களில் கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். உங்கள் சோக் வெறும் இண்டக்டராக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, சோக் போட்ட பிறகு கரண்ட் கூடிவிடும் வாய்ப்பு இருக்கிறது. ரெசிஸ்டன்ஸை எதுவும் கழிக்க முடியாது. கேபிளை பி.வி.சி. குழாயில் பத்துச் சுற்று சுற்றி 'அக்லி பாலன்' செய்பவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். காற்றில் சுற்றியது கிட்டத்தட்ட முழுக்க இண்டக்டன்ஸ், நன்றாக வேலை செய்யும் அலைவரிசையும் குறுகியது. ஒரே பேண்டுக்கு அளந்து செய்தால் சரி, பல பேண்டுக்கு வேண்டாம்.

ஃபெரைட்டில் பல கலவைகள் உண்டு, எண்தான் பெயர். 31 என்பது மாங்கனீஸ்-துத்தநாகம், ஆரம்ப ஊடுதிறன் (காந்தப்புலத்தை எவ்வளவு எளிதாக உள்ளே விடுகிறது என்ற எண்) 1,500. 43 நிக்கல்-துத்தநாகம், 800. இந்த இரண்டும் எச்.எஃப்.-இல் நல்ல ரெசிஸ்டன்ஸ் தரும். 80, 40 மீட்டருக்கு 31 என் முதல் தேர்வு. 20 மீட்டருக்கு இரண்டில் எதுவும் சரி. 10 மீட்டர் பக்கம் போனால் சுற்றுகளைக் குறைக்க வேண்டும். 61 கலவையின் ஊடுதிறன் 125 மட்டுமே. அது டிரான்ஸ்ஃபார்மருக்கு நல்லது, கீழ் பேண்டுகளின் சோக்குக்கு ஆகாது. சிவப்பு, மஞ்சள் பூசிய இரும்புத் தூள் வளையங்களைத் தொடவே வேண்டாம், அவை டியூன்டு சர்க்யூட்டுக்கு உரியவை.

61 மில்லிமீட்டர் வெளிவிட்டம் உள்ள எஃப்டி240 வளையம்தான் நமக்கு வசதியானது. கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் நேரில் தேடலாம், பெரும்பாலோர் ஆன்லைனில் வாங்குகிறார்கள். ஆன்லைனில் வரும் கறுப்பு வளையத்தில் எந்த எழுத்தும் இருக்காது. விற்பவர் 31 என்று சொன்னால் 31 என்று நம்புவதுதான் வழக்கம். நம்ப வேண்டியதில்லை, அளந்து பார்த்துவிடலாம். ஒரு ஒயரை 10 சுற்று சுற்றி, எல்.சி.ஆர். மீட்டரில் 100 கிலோஹெர்ட்ஸில் இண்டக்டன்ஸ் பாருங்கள். எஃப்டி240 அளவில் 43 கலவை என்றால் 108 மைக்ரோஹென்றி பக்கம் வரும், 31 என்றால் 200 பக்கம், 61 என்றால் 17. இரும்புத் தூள் என்றால் ஒன்றோ இரண்டோதான். ஃபெரைட்டில் 20 விழுக்காடு முன்னே பின்னே இருப்பது சகஜம், ஆனால் 17-ஐயும் 200-ஐயும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

சுற்றுகளின் எண்ணிக்கை இரட்டித்தால் தடை நான்கு மடங்கு ஆகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கேபிள் மேல் கவ்வும் கிளிப்-ஆன் ஃபெரைட்டுகளின் பிரச்சினை புரியும். கேபிள் அதற்குள் ஒருமுறை போவது ஒரே ஒரு சுற்று. 100 மெகாஹெர்ட்ஸில் நூற்றுக்கணக்கான ஓம் என்று எழுதியிருக்கும், 14 மெகாஹெர்ட்ஸில் அது பெரும்பாலும் சில பத்து ஓம்தான். ஐந்து கிளிப்பை வரிசையாக மாட்டினாலும் ஒரு வளையத்தில் பத்துச் சுற்றுக்கு ஈடாகாது. அதற்காகச் சுற்றிக்கொண்டே போகவும் முடியாது. சுற்றுகளுக்கிடையே கெப்பாசிட்டன்ஸ் கூடி, தடை உச்சத்தைத் தொடும் அலைவரிசை கீழே இறங்கிவிடும். உங்கள் 20 மீட்டருக்கு ஒரு வளையத்தில் 10 முதல் 12 சுற்று நல்ல தொடக்கம். இன்னும் வேண்டுமென்றால் அதே மாதிரி இரண்டாவது சோக்கைத் தொடரில் போடுங்கள், ஒன்றிலேயே இருபது சுற்றுவதைவிட அது மேல். பாதியில் வளையத்தின் எதிர்ப்பக்கம் தாண்டிச் சுற்றுவது கேபிள் இரு பக்கமாக வெளியே வர வசதி, தடை அதனால் கூடாது.

கேபிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நுரை இன்சுலேஷன் உள்ள ஆர்ஜி-58 வகைகளை இறுக்கி வளைத்தால், வெயிலில் சூடாகி நடுக்கம்பி மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். திடமான இன்சுலேஷன் உள்ளது, அல்லது டெஃப்லான் கேபிளான ஆர்ஜி-316, ஆர்ஜி-400 நல்லது. ஆர்ஜி-316 மெல்லிசு, வளையத்தில் அழகாக உட்காரும், 100 வாட்டுக்குப் போதும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டைபோல் என்றால் ஆன்டெனா முனையிலேயே. உங்கள் எண்ட் ஃபெட்டில் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிச் சோக் வைத்தால் அந்த 0.2 ஆம்பியருக்குப் போக இடம் இல்லாமல் போகும். அது கிரில் வழியாகவோ டிரான்ஸ்ஃபார்மரின் கெப்பாசிட்டன்ஸ் வழியாகவோ வழி தேடும். அலைநீளத்தில் 0.05 பங்கு கவுண்டர்பாய்ஸ் கொடுங்கள், உங்களுக்கு ஏறக்குறைய 1 மீட்டர். இரண்டு விதமாகச் செய்யலாம்: டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 1 மீட்டர் கேபிளை விட்டு அப்புறம் சோக், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் கிரவுண்ட் முனையில் 1 மீட்டர் ஒயரைத் தொங்கவிட்டு, சோக்கை அங்கேயே வைப்பது. நான் இரண்டாவதைச் சொல்வேன், ஏனென்றால் அந்த ஒயரைக் கிரில்லிலிருந்து தள்ளிவைக்க முடியும். கேபிள் கிரில் மேலேயே படுத்துக்கொள்ளும்.

பிறகு, ரேடியோவுக்குப் பக்கத்தில் இன்னொரு சோக். முதல் சோக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைத் தாண்டிய கேபிள் ஆன்டெனா கம்பிக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் காற்று வழியாகவே மறுபடி கரண்ட் ஏறும். வெட்டவெளியில் இருப்பவர்களுக்கு "கேபிளை ஆன்டெனாவுக்குச் செங்குத்தாகக் கால் அலை தூரம் இறக்கு" என்று சொல்லிவிடலாம். பிளாட்டில் அந்தச் சொகுசு இல்லை. கேபிள் அறைக்குள் நுழையும் ஜன்னல் பக்கம் இரண்டாவது சோக்குக்குப் பொருத்தமான இடம்.

இந்த இரண்டாவது சோக் உங்கள் எஸ்7 இரைச்சலுக்கும் மருந்து. பாதை இரு திசையிலும் வேலை செய்யும்: அனுப்பும்போது வீட்டுக்குள் வரும் கரண்ட், கேட்கும்போது வீட்டின் குப்பையை ஆன்டெனா முனைக்குத் தூக்கிச் செல்கிறது. எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் ஏர்கான், ரௌட்டரின் அடாப்டர், போன் சார்ஜர் எல்லாம் சத்தம் போடும். தீபாவளி மாதத்தில் பிளாட் முழுக்கத் தொங்கும் சீரியல் விளக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எஸ்7 எஸ்3-க்கு இறங்கினால் இரைச்சல் உங்கள் வீட்டுச் சொத்து, சோக் நிறைய உதவும். அசையவே இல்லையென்றால் அக்கம் பக்கத்து வீடுகள், சோக் கொஞ்சம்தான் உதவும். யூ.எஸ்.பி. கேபிளையும் பவர் சப்ளையின் டி.சி. ஒயரையும் தனித்தனியாக 31 வளையத்தில் ஐந்தாறு சுற்று போட்டுவிடுங்கள்.

சோக்கை மாட்டுவதற்கு முன் நானோவி.என்.ஏ. என்ற சின்ன ரேடியோ அளவுகருவியில் அளந்துவிடுங்கள். சோக்கின் ஒரு முனைப் பின்னலை முதல் போர்ட்டின் நடு ஊசியிலும், மறுமுனைப் பின்னலை இரண்டாவது போர்ட்டின் நடு ஊசியிலும் இணைத்து எஸ்21 (முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவதுக்குச் சிக்னல் எவ்வளவு போகிறது என்ற அளவு) பாருங்கள். மைனஸ் 20 டெசிபல் என்றால் தடை ஏறக்குறைய 900 ஓம், மைனஸ் 30 என்றால் 3,000, மைனஸ் 34 என்றால் 4,900. இணைப்பு ஒயர்கள் நீளமாக இருந்தால் அளவு பொய் சொல்லும், சில சென்டிமீட்டரில் முடித்துவிடுங்கள்.

மாட்டிய பிறகும் அளக்கலாம். ஒரு கிளிப்-ஆன் ஃபெரைட்டில் பத்துச் சுற்று மெல்லிய ஒயர், அதன் குறுக்கே 50 ஓம் ரெசிஸ்டர், ஒரு ஷாட்கி டையோடு, ஒரு சின்ன கெப்பாசிட்டர், ஒரு மல்டிமீட்டர். அதைக் கேபிளில் கவ்வவிட்டு, குறைந்த பவரில் அனுப்பியபடி நகர்த்தினால் எங்கே கரண்ட் உச்சம், எங்கே இல்லை என்று தெரிந்துவிடும். உச்சம் தெரியும் இடத்தில் சோக் வைத்தால்தான் பலன். கரண்ட் ஏற்கெனவே பூஜ்ஜியமாக இருக்கும் இடத்தில் எத்தனை ஆயிரம் ஓம் வைத்தாலும் ஒன்றும் மாறாது.

வெப்பத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், ஒரு கணக்கு போதும். 100 வாட்டில் டைபோல் சோக்கின் குறுக்கே 35 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 5,000 ஓம் சோக்கில் கால் வாட்தான் வீணாகும். 500 ஓம் சோக்கில் இரண்டரை வாட். மோசமான சோக்தான் சூடாகும். வளையம் தொட முடியாமல் கொதித்தால் தடை போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 31, 43 இரண்டும் 130 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் காந்தத் தன்மையை இழக்கத் தொடங்கும்.

நம் ஊருக்கான சில விஷயங்கள். பெட்டி வெள்ளை நிறமாக இருக்கட்டும். அடியில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள், இந்த ஈரத்தில் எந்தப் பெட்டிக்குள்ளும் வியர்வை கட்டும். ஓட்டைக்கு வலை ஒட்டாவிட்டால் ஒரே மாதத்தில் எறும்பு குடிவந்துவிடும். கடல் காற்றில் பின்னல் கறுத்துப்போகும், வெளியே இருக்கும் கனெக்டர்களுக்கு செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் சுற்றி அதன் மேல் கறுப்பு டேப். சோக் இடியைத் தடுக்காது. மாலையில் பாலிக் புலாவ் பக்கம் வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றி வெளியே வைப்பது ஒன்றே வழி.

இவ்வளவும் செய்த பிறகும் யூ.எஸ்.பி. அறுந்தால், மிச்சம் இருப்பது காமன் மோட் இல்லை. ஆன்டெனாவின் நெருங்கிய புலம் அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு தூரம் வரை வலுவாக இருக்கும். 20 மீட்டர் பேண்டில் ஏறக்குறைய 3.4 மீட்டர். உங்கள் மேசை அதற்குள் இருந்தால் கம்பியே நேரடியாக மடிக்கணினியைத் தாக்குகிறது, எந்த வளையமும் அதை நிறுத்தாது. கம்பத்தை இன்னும் வெளியே தள்ளுங்கள், அல்லது மேசையை மறு சுவருக்கு மாற்றுங்கள். அதுவும் முடியாதென்றால் பவரை 25 வாட்டுக்கு இறக்குங்கள். 100-லிருந்து 25 என்பது 6 டெசிபல், எதிர்முனையில் ஒரே ஒரு எஸ் யூனிட். எஃப்டி8-இல் ஜப்பானையும் ஆஸ்திரேலியாவையும் பிடிக்க அது தாராளம்.